பழைய பிக்கப்பில் பாட்டு நின்றுபோனால்

டாடா 207, பொலேரோ மாதிரியான பழைய பிக்கப்களில் செட் பெரும்பாலும் வெளிக்கடையில் மாட்டியதாகத்தான் இருக்கும். வயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள், அதன்மேல் வருடக்கணக்கான குலுக்கலும் தூசியும். அதனால் செட் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள், செட்டைக் கடைசியில்.

தேவையானவை: இரண்டு வயர் சேர்த்த 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்ப், ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், மாற்று பியூஸ்.

1. கோளாறைப் பிரித்துப் பாருங்கள். டிஸ்ப்ளே எரிந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் 3-ஆம் படியில் உள்ளபடி செட்டை வெளியே எடுத்துவிட்டு நேராக 6-ஆம் படிக்குப் போங்கள். பென்டிரைவ் பாடுகிறது, எஃப்எம் மட்டும் இரைகிறது என்றால் ஏரியல் வயரைப் பாருங்கள். விளக்கே எரியவில்லையா? வரிசையாக வாருங்கள்.

2. பியூஸ். வண்டியின் பியூஸ் பெட்டியில் ஒன்று, செட்டின் முதுகிலேயோ மஞ்சள் வயரிலேயோ இன்னொன்று. இரண்டையும் உருவிப் பாருங்கள். சார்ஜர் சொருகும் சாக்கெட்டும் சேர்ந்து செத்திருந்தால் வண்டி பியூஸ் மேல்தான் சந்தேகம் அதிகம். 10 ஆம்பியர் போனால் 10 ஆம்பியரே போடுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ சுற்றினால் அடுத்து எரிவது வயரிங். புதியதும் உடனே போனால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது.

3. செட்டை வெளியே எடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு தகட்டுச் சாவிகளைச் சொருகினால் கவ்வல் விடுபடும். சில வண்டிகளில் ஸ்க்ரூ இருக்கும். ஜாயின்ட்டுகள் ஒன்றோடொன்று தொடாதபடி விலக்கி வைத்து மைனஸை மாட்டுங்கள்.

4. மஞ்சளும் சிவப்பும். பல்பின் ஒரு வயரைப் பேட்டரி மைனஸில் கொடுத்து, மறுவயரால் மஞ்சளைத் தொடுங்கள். சாவி போடாமலே பளிச்சென எரிய வேண்டும். சிவப்பு, சாவியைத் திருப்பினால்தான் எரியும். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை எனலாம், பச்சை பூத்த ஜாயின்ட்டிலும் 12 வோல்ட் காட்டிவிடும். பல்ப் மங்கினால் அந்த வயரில் ஜாயின்ட் பழுது. மஞ்சள் சரி, சிவப்பு இல்லை என்றால் சாவி சுவிட்சிலிருந்து வரும் வயரைத் தேடுங்கள். அதற்காக இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி இறங்கிவிடும்.

5. கறுப்பு. இதுதான் எர்த். பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்து, மறுவயரால் கறுப்பைத் தொடுங்கள். மங்கினால், அது பாடியில் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். ஏரியல் பின்னைச் சொருகினால் மட்டும் செட் உயிர் பெறுகிறதா? எர்த் ஏரியல் வழியாகத் திருட்டுத்தனமாகப் போகிறது; கறுப்பு வயர் அறுந்திருக்கும்.

6. ஸ்பீக்கர். ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரு ஸ்பீக்கரை மட்டும் நேரடியாக மாட்டிப் பாருங்கள். பாடினால், கதவுக்குப் போகிற வயர் கீல் பக்கம் நசுங்கியிருக்கும். வெளிக்கடையில் மாட்டிய இந்த மாதிரி செட்டில் ஸ்பீக்கரின் மைனஸும் பாடியைத் தொடக்கூடாது. தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள ஊமையாகிவிடும்.

7. கடைசிச் சோதனை. மஞ்சள், சிவப்பு இரண்டையும் சேர்த்து, இடையில் பியூஸ் வைத்து, 12 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுங்கள், கறுப்பு மைனஸுக்கு. எரிந்தால் செட் நல்லது; வண்டி வயரிங்கில்தான் மிச்ச வேலை. எரியாவிட்டால் மட்டும் புது செட்டுக்குப் பணம் எடுங்கள். எதை மாட்டினாலும் பழைய முறுக்கு ஜாயின்ட்டுகளை வெட்டி, சால்டர் வைத்து டேப் சுற்றுங்கள். இல்லையென்றால் புது செட்டும் அதே குழியில் விழும்.