ஆமையின் உறக்கமும் உள்ளுறுப்புகளும்

எனக்கு அப்போது பத்து வயது. தாராவியிலிருந்து மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். ஊர்க்குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. கரம்பை மண் வெட்டியவர்களின் மண்வெட்டியில் ஓர் ஆமை தட்டுப்பட்டது. பால் ஆமை என்பார்களே, அந்த இனம். அசைவே இல்லை. நான் கையில் தூக்கியதும் கையெல்லாம் நனையும்படி நீர் விட்டது. சிறுவர்கள் எல்லோரும் சிரித்தோம். “ஏலே, அது தூங்குதுலே. இருந்த எடத்துலயே வச்சு மூடிருலே” என்றார் ஒரு பெரியவர். நாங்கள் கேட்கவில்லை, கரையில் போட்டுவிட்டு ஓடிவிட்டோம். மறுநாள் அது வெயிலில் செத்துக் கிடந்தது.

இன்று விலங்கியல் மாணவனாக இருக்கும் எனக்கு, அந்த நீரின் மதிப்புத் தெரிகிறது. அதை நண்பர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

ஆமைக்கு நம்மைப்போல் நிலையான தேக உஷ்ணம் கிடையாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் தேகமும் குளிரும். ஆகவே குளிர் நாடுகளில் அது மாரிக்காலம் முழுவதும் உறங்குகிறது. நம் நாட்டுச் சமவெளியிலோ அவ்வளவு குளிர் இல்லை. மாதுங்காவில் மார்கழி இரவுக்கு ஒரு போர்வை போதும். இங்கே ஆமைக்குப் பகை நீரின்மை. எனவே அது சேற்றுக்குள் புதைந்து கோடைத் துயில் கொள்கிறது.

ஐம்புலனடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டினார். அது வெளியுறுப்புகளின் அடக்கம். உள்ளுறுப்புகளின் அடக்கத்தை விஞ்ஞானம் காட்டுகிறது.

முதலில் குளிர்கால உறக்கத்தைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் வர்ண ஆமை, பனிக்கட்டி மூடிய குளங்களின் அடியில் மாதக்கணக்கில் மூச்சு விடாமல் கிடக்கிறது. பிரவுன் பல்கலைக் கழகத்தின் டொனால்ட் ஜாக்சன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். 3 டிகிரி சென்டிகிரேட் குளிரில், பிராணவாயு அறவே இல்லாத நீரில் மூன்று மாதங்களுக்கு மேலும் இவ்வாமை உயிரோடிருப்பது தெரியவந்தது.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? இரைப்பையும் குடலும் வேலையை நிறுத்திவிடுகின்றன. இருதயம் நிமிஷத்துக்கு ஒரு தடவைகூடத் துடிப்பதில்லை. பிராணவாயு இல்லாவிட்டால் நம் மூளை சில நிமிஷங்களில் அழியத் தொடங்கும். ஆமையின் மூளையோ தன் மின் செயலை அடக்கிக்கொண்டு செலவைக் குறைக்கிறது. ஈரல்தான் களஞ்சியம். அங்கே சேமித்த கிளைகோஜன் சர்க்கரையாக மாறி மற்ற உறுப்புகளுக்குப் போகிறது.

ஆனால் பிராணவாயு இல்லாமல் சர்க்கரையைச் செலவிட்டால் லாக்டிக் அமிலம் சேரும். நாம் வேகமாக ஓடும்போது தசைகளில் உண்டாகும் அதே பொருள். மாதக்கணக்கில் அது சேர்ந்தால் உயிர் தங்குமா? இங்கேதான் ஓடு உதவுகிறது. வயிற்றுப் புளிப்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மாத்திரை தின்கிறோம் அல்லவா? அதுபோல ஓடும் எலும்பும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகளை இரத்தத்தில் விட்டு அமிலத்தைத் தணிக்கின்றன. லாக்டிக் அமிலத்தில் பெரும் பங்கைத் தம்முள்ளேயே வாங்கி வைத்தும் கொள்கின்றன. ஓடு வெறும் கவசமன்று. அதுவும் ஓர் உள்ளுறுப்புப்போல் வேலை செய்கிறது.

நம் பால் ஆமை மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் அமெரிக்க உறவினர்களுக்கு ஓட்டில் எலும்பு குறைவு. பிராணவாயு இன்றித் தாங்கும் சக்தியும் குறைவு. ஆகவே எல்லா ஆமையும் எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கோடைத் துயிலில் கணக்கு வேறு. தேகம் குளிர்வதில்லை, ஆகையால் செலவு அவ்வளவு சுருங்குவதும் இல்லை. இங்கே காக்க வேண்டியது நீர். இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் மோஹாவி பாலைவன ஆமை. அதன் சிறுநீர்ப்பை கழிவறையன்று, தண்ணீர்த் தொட்டி. வறட்சியில் சிறுநீரகம் நீர் பிரிப்பதைக் குறைக்கிறது. பையிலுள்ள நீரை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. யூரியாக் கழிவு இரத்தத்தில் ஏறுவதையும் பொறுத்துக்கொள்கிறது. மழை பெய்ததும் வயிறாரக் குடித்துப் பழைய கழிவை வெளியேற்றுகிறது. அந்த ஆமையை யாராவது தூக்கி அச்சுறுத்தினால், பயத்தில் பையைக் காலி செய்துவிடும். அடுத்த மழைவரை அதற்கு வேறு நீர் இல்லாமலும் போகலாம். அதனால் சாகவும் கூடும்.

இதைப் படித்த அன்று, நனைந்த என் கைகள்தாம் நினைவுக்கு வந்தன. நாங்கள் சிரித்தது, ஒரு ஜீவன் கோடைக்கென்று வைத்திருந்த சேமிப்பு சிந்தியதைக் கண்டு.

நண்பர்களே, நம்மில் பலர் மே மாதத்தில்தான் ஊருக்குப் போகிறோம். குளங்கள் தூர்வாரப்படுவதும் அப்போதுதான். மண்ணில் அசையாத ஆமையைக் கண்டால் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். கழுவி எழுப்பவும் வேண்டாம். அந்த இடத்தில் வெட்டாமல் விட முடியுமானால் மண்ணை மூடி விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். பால் ஆமை, 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அந்தப் பெரியவர் எந்தச் சட்டமும் படித்தவரல்லர். ஆமை தூங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.