கனிய மணலும் கல்லும்: எழுதும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருகோணமலை மாவட்டத்தில் மண்ணும் கல்லும் எப்போதும் பேச்சில் இருக்கின்றன. புல்மோட்டையில் கனிய மணல், மகாவலி கடலோடு சேரும் மூதூர்ப் பக்கத்தில் ஆற்று மணல், சேருவிலயில் செம்பு, ஊருக்கு ஊர் கல்குவாரி. பத்திரிகைக்குச் செய்தி எழுதுபவரும், பாடசாலையில் படிப்பிப்பவரும், பிரதேச செயலகத்துக்கு மனு எழுதும் கடற்றொழிலாளர் சங்கத்தாரும் இவற்றைப் பற்றி ஆளுக்கொரு சொல்லில் எழுதுகிறார்கள். மனுவில் ஒரு சொல் பிசகினால் அது சம்பந்தமில்லாத மேசைக்குப் போய்விடும். சரியான மேசைக்கு வந்து சேர்வதற்குள் லொறிகள் மணலை ஏற்றி முடித்துவிடும். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• எந்த மணல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வீடு கட்டும் ஆற்று மணலில் பெரும்பங்கு குவாட்ஸ். திருகோணமலை நகருக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர் வடக்கே, புல்மோட்டைக் கரையில் கறுத்து மின்னுவது கனிய மணல். அதற்குள் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், கார்னெட், சிலிமனைட், சிறிதளவு மொனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் டைட்டேனியம் இருக்கிறது. பெயின்ட்டுக்கு வெண்மை கொடுக்கும் தூள் அதிலிருந்து வருவது. ரூட்டைல் வெல்டிங் குச்சியின் மேற்பூச்சுக்கும் போகிறது. டைல்ஸின் மினுக்கப் பூச்சுக்குச் சிர்கோன் வேண்டும். 1957இல் தொடங்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம், இன்றைய லங்கா மினரல் சாண்ட்ஸ், இவற்றைத்தான் பிரித்து விற்கிறது. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. 'கறுப்பு மணல் ஏற்றுமதி' என்று மட்டும் தலைப்புப் போட்டால், நாட்டின் சொத்து என்ன விலைக்குப் போனது என்று கேட்க வாசகருக்கு வழியே இல்லை.

• பிரிக்கும் முறையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். சுருள் வடிவத் தொட்டியில் தண்ணீரோடு மணலை ஓடவிட்டால் இலேசான குவாட்ஸ் வெளிப்பக்கம் ஒதுங்கும், பாரமானது உட்பக்கம் தங்கும். உலர்த்திய பிறகு வலுவான காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரிப்பார்கள்.

• அளவைக் கவனமாகக் குறியுங்கள். மணல் வியாபாரத்தில் கணக்கு கியூப். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீற்றர். கனிய மணலின் கணக்கு மெட்ரிக் தொன். காய்ந்த ஆற்று மணல் ஒரு கியூப் சுமார் நாலரைத் தொன் நிற்கும். பிரித்தெடுத்த இல்மனைட் அதே கியூப் ஏறத்தாழ ஏழு தொன். ஆகவே டிப்பர் நிறையவில்லை என்பதால் பாரம் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். கியூப்பையும் தொன்னையும் ஒரே பட்டியலில் கூட்டிய மனு, விசாரணையின் முதல் நாளிலேயே தள்ளுபடியாகும்.

• அனுமதிப்பத்திரம் எந்த வகை என்று கேளுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம்தான் அனுமதி கொடுக்கிறது. ஆய்வுக்கு ஒன்று, அகழ்வுக்கு ஒன்று. கொண்டு போக, விற்க, ஏற்றுமதி செய்யவும் தனித்தனியே வேண்டும். ஆய்வு அனுமதி வைத்திருப்பவர் துளையிட்டு மாதிரி எடுக்கலாம். லொறி லொறியாக ஏற்ற முடியாது. மன்னார்த் தீவில் கனிய மணல் தேடித் துளை போட்டபோதே மக்கள் எதிர்த்துக் கிளம்பியது, ஆய்வுக்கு அடுத்த படி எது என்பதை அவர்கள் உணர்ந்திருந்ததால். மனுவில் பத்திரத்தின் இலக்கம், வகை, முடியும் திகதி, கிராம உத்தியோகத்தர் பிரிவு நான்கும் இருக்கட்டும்.

• தமிழ்நாட்டு நூலைப் பார்த்து எழுதினால் சொல்லை நம் வழக்கோடு ஒப்பிடுங்கள். இங்கே காரீயம் என்றால் போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் பென்சிற்கரி. அங்கே காரீயம் என்பது நஞ்சான ஈய உலோகம். 'குடிநீரில் காரீயம்' என்ற அவர்களின் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டால் நம் பிள்ளைகள் பிழையாகவே விளங்கிக்கொள்வார்கள்.

செய்யக்கூடாதவை

• புல்மோட்டையைச் 'சுரங்கம்' என்று எழுதாதீர்கள். அங்கே நிலத்தடியில் குழியோ வழியோ கிடையாது. கரையின் மேற்பரப்பிலிருந்து அள்ளுகிறார்கள். அகழ்வு என்பதே போதும். சேருவிலயில் 1971இல் கண்டறியப்பட்ட செம்பு, மக்னடைட் கலந்த இடமும் சுரங்கமாகவில்லை, அது படிவு. 'வளம்' என்பதும் 'இருப்பு' என்பதும் ஒன்றல்ல. நிலத்தில் இருப்பதாக மதிப்பிட்டது வளம். அதில் இலாபத்தோடு எடுக்கக்கூடியது என்று கணக்கிட்ட பங்கு மட்டுமே இருப்பு. வளத்தின் தொன் கணக்கை இன்றைய விலையால் பெருக்கி 'இத்தனை கோடிப் புதையல்' என்று எழுதுவது மக்களை ஏமாற்றும் வேலை.

• கடினமான கல்லையெல்லாம் கிரனைட் ஆக்காதீர்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையும் துறைமுகத்தைச் சூழ்ந்த முகடுகளும் பெரும்பாலும் குவாட்சைட். மிகப் பழைய காலத்தில் மணலாகக் கிடந்தது, ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உருமாறிய பாறை அது. மாணவருக்கு உருமாறிய பாறையைக் காட்ட இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் வேறெங்கே தேடுவது?

• கன்னியா வெந்நீரூற்றுக்கு எரிமலையைக் காரணம் சொல்லாதீர்கள். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய், சூடேறித் திரும்பி வருகிறது.

• காந்தத்தில் ஒட்டியதைக் கண்டு 'இல்மனைட்' என்று முடிவு கட்டாதீர்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கறுப்பு மணலில் வைத்தால் பாய்ந்து ஒட்டுவது மக்னடைட். இல்மனைட் அந்தக் காந்தத்துக்கு அநேகமாக அசையாது. ஆய்வுகூடத்தின் முடிவு வரட்டும். இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் கண்டெடுத்த கறுப்புக் கனியத்தை முதலில் யுரேனினைட் என்றுதான் எண்ணினார். பகுப்பாய்வு செய்த பிறகே அதில் பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்து, தோரியனைட் என்ற புதுப்பெயர் கிடைத்தது. அத்தகைய மேதையே ஆய்வுகூடத்துக்குக் காத்திருந்தார்.

• மொனசைட்டை வைத்துப் பயமுறுத்தாதீர்கள். ஒன்றுமில்லை என்றும் சொல்லாதீர்கள். அதில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீச்சை வெளிவிடும். கரையில் நடந்து போவதும், பிரிக்கும் ஆலையில் நாள்தோறும் தூசைச் சுவாசிப்பதும் ஒரே ஆபத்தல்ல. அளந்த எண்ணைக் கேட்டு வாங்கி, அளந்த இடத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

• 'என் காணி, என் கனியம்' என்று யாருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள். மேலே சொன்ன சட்டத்தின்படி, காணி யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனியம் குடியரசுக்குச் சொந்தம். உறுதி கையில் இருப்பதை நம்பித் தோண்டி, நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டாம்.

• 'அள்ள அள்ளக் குறையாது' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் கடல் புல்மோட்டைக் கரையில் கனிய மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடுவது உண்மைதான். ஆனால் கடல் போடும் கணக்கு வேறு, இயந்திரம் அள்ளும் கணக்கு வேறு. இரண்டையும் அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள். கரை சரிந்து குழியானால் முதலில் போவது கரைவலைப் பாடும் வாடியும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே வலை இழுப்பவர்கள். சங்கங்கள் வாடைக்கு முன்னும் பின்னும், அசையாத ஓர் அடையாளத்திலிருந்து நீர் விளிம்பு வரை நாடா பிடித்து அளந்து, மீற்றரில் திகதியோடு கொப்பியில் குறித்துவரட்டும். நாலைந்து வருடக் குறிப்பு சேர்ந்துவிட்டால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதைத் தட்டிக்கழிப்பது எவருக்கும் எளிதல்ல.