கடல் நுண்பாசியிலிருந்து உணவெண்ணெய்

நெத்தலி, சூடை, சாளை முதலிய சிறு மீன்கள் உடலுக்கு நன்மை தருவன என்பதைப் பலரும் அறிவர். இம்மீன்களின் கொழுப்பில் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இரு கொழுப்பமிலங்கள் உள. ஒன்று இ.பி.ஏ. எனவும் மற்றையது டி.எச்.ஏ. எனவும் சுருக்கமாக அழைக்கப்படும். மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் டி.எச்.ஏ. இன்றியமையாதது. வளர்ந்தவர் ஒருவர் இவ்விரண்டையும் சேர்த்து நாளொன்றுக்கு 250 மில்லிகிராமாவது பெறுதல் வேண்டும் என்பது, உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2008ஆம் ஆண்டிற் கூட்டிய நிபுணர் குழுவின் கருத்தாகும். தேங்காயெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இவை இல்லை.

மீன்கள் இவ்வமிலங்களிற் பெரும்பகுதியைத் தாமாக ஆக்குவதில்லை. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளே இவற்றை ஆக்குகின்றன. பாசியைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றைச் சிறுமீன்கள் உண்ண, சிறுமீன்களைப் பெருமீன்கள் உண்கின்றன. மீனெண்ணெய்க்குப் பெரிதும் உதவும் பெரு நாட்டு நெத்தலி, கடல் வெப்பமுறும் ஆண்டுகளிற் குறைந்துவிடும். 2023ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதலாவது மீன்பிடிப் பருவம் முற்றாக நிறுத்தப்பட்டது. எனவே, பாசியையே பயிரிட்டு எண்ணெய் பெறும் முறை பல நாடுகளிற் கவனம் பெற்றுள்ளது. அம்முறையையும், அது கமக்காரருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் கீழே காண்க.

பயிரின் தன்மை

இ.பி.ஏ. பெறுவதற்குப் பயிரிடப்படும் பாசிகளுள் நன்னோகுளோரொப்சிசு முக்கியமானது. இதன் ஒரு கலம் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு அளவினது. வேர், தண்டு, இலை எதுவும் இதற்கில்லை. நெல்லைப் போலவே சூரியவொளி, காபனீரொட்சைட்டு, நைதரசன், பொசுபரசு ஆகியவற்றைக் கொண்டு வளரும். நெல்லுக்கு நாற்றுமேடை எவ்வாறோ, அவ்வாறே இதற்கும் தூய வித்து முதலிற் சிறு கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப்பட்டு, படிப்படியாகப் பெரிய கலங்களுக்கும் பின்னர் தடாகத்துக்கும் மாற்றப்படும்.

தடாகமும் பசளையும்

தடாகம் நீள்வட்ட வடிவினது. ஆழம் 20 முதல் 30 சதமமீற்றர் வரையாகும். இதனினும் ஆழமாயின் அடியிலுள்ள பாசிக்கு ஒளி எட்டாது. துடுப்புச் சக்கரமொன்று நீரை ஓயாது சுழற்றும். ஒரு கிலோகிராம் உலர்ந்த பாசியை ஆக்குவதற்கு ஏறக்குறைய 1.8 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வேண்டும். காற்றிலுள்ளது மட்டும் விரைவான வளர்ச்சிக்குப் போதாதாகையால், அவ்வாயுவை நீரினுட் செலுத்துவர்.

நைதரசனைக் குறைத்தால் பாசியில் எண்ணெய் பெருகும். ஆயினும் வளர்ச்சி குன்றும். பெருகிய எண்ணெயில் இ.பி.ஏ.யின் வீதமும் குறையும். ஆகவே எண்ணெயின் அளவை மட்டும் நோக்கிப் பசளையை நிறுத்துதல் பயன் தராது.

திறந்த தடாகத்திற் பிற பாசிகள் களைகளாக முளைக்கும். பாசியை மேயும் நுண்விலங்குகள் புகுந்தால், சில நாட்களில் விளைவு முழுவதும் அழியும்.

வரவும் செலவும்

100 சதுர மீற்றர் பரப்பும் 20 சதமமீற்றர் ஆழமும் உள்ள தடாகம் 20,000 லீற்றர் நீர் கொள்ளும். சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் விளையுமாயின், மொத்தம் 1 கிலோகிராம் உலர்ந்த பாசி கிடைக்கும். அதில் நூற்றுக்கு 3 பங்கு இ.பி.ஏ. எனக் கொண்டால் 30 கிராமாகும். இது 120 பேருக்கு 250 மில்லிகிராம் வீதம் கொடுக்கப் போதுமான அளவாகும்.

இக்கணக்கு ஆசையூட்டுவது. ஆனால் செலவையும் நோக்குதல் வேண்டும். ஒரு லீற்றரில் அரைக் கிராம் பாசியே உளதாயின், அந்த ஒரு கிலோகிராமைப் பெற நாள்தோறும் 2,000 லீற்றர் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். கலங்கள் மிகச் சிறியனவாகையால் துணியால் வடிக்க இயலாது. விசையுடன் சுழலும் பிரிபொறி வேண்டும். பாசியின் கலச்சுவர் கடினமானது. அதனை உடைத்தே எண்ணெயை எடுத்தல் வேண்டும். அவ்வெண்ணெய் காற்றுப்பட்டால் விரைவிற் காறிவிடும்.

நன்னீரும் தேவை. ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமாயின், இத்தடாகத்தில் 500 லீற்றர் குறையும். அதற்கு உப்புநீரை ஊற்றினால் உப்பு மிகும். நன்னீரே ஊற்றல் வேண்டும். வரண்ட பிரதேசத்தில் இந்நீர் மிளகாய்ப் பாத்திக்கும் வெங்காயப் பாத்திக்கும் உரிய நீரென்பதை மறத்தலாகாது.

இருளில் வளரும் இனம்

டி.எச்.ஏ. எண்ணெயிற் பெரும்பகுதி தடாகங்களிலிருந்து பெறப்படுவதன்று. சைசோகைத்திரியம் என்னும் கடல் நுண்ணுயிர், பாசிக்கு ஒப்பாகக் கருதப்படினும், ஒளியின்றிச் சீனியை உண்டு வளரும். மூடிய உருக்குக் கலங்களில் இது மிக அடர்த்தியாக வளர்வதால் அறுவடை எளிது. அமெரிக்காவின் நெபிராசுக்கா மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரும் ஆலையொன்று சோளத்திலிருந்து பெறப்படும் சீனியைக் கொண்டு இவ்வெண்ணெயை ஆக்குகின்றது. எனவே, இத்தொழிலிற் கமக்காரரின் பங்கு எண்ணெயை ஆக்குவதன்று. சீனி தரும் பயிரை விளைவிப்பதேயாம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பாசியெண்ணெய்த் தடாகத்துக்கென எவரேனும் முற்பணம் கேட்பின், விளைவை வாங்குவோர் யார், பிரிபொறி யாருடையது, மின்சாரச் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் அறிந்த பின்னரே உடன்படுக.

2. நெல்வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் அருகில் உப்புநீரைத் தேக்கலாகாது. கசியும் உப்பு மண்ணைக் கெடுக்கும். அதனைக் கழுவி நீக்குவது எளிதன்று.

3. நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்துவதற்கு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறல் வேண்டும்.

4. வீட்டில் வளர்த்த பாசியை உண்ணலாகாது. நச்சுப் பாசிகளும் தீய நுண்ணுயிர்களும் கண்ணுக்குப் புலப்படாமற் கலந்திருக்கக்கூடும்.

5. கரையோரத்தில் இத்தொழிலிற் பயில விரும்புவோர், இறால் குஞ்சு பொரிப்பகங்களில் நடைபெறும் பாசி வளர்ப்பை முதலிற் பார்த்தல் நன்று. அங்கு பாசி உயிருடனேயே குஞ்சுகளுக்கு உணவாவதால், பிரித்தலும் உலர்த்தலும் வேண்டியதில்லை.

குடும்பத்தின் தேவைக்கு, வாரத்தில் இரு நாட்களேனும் சிறு மீன் கறி சமைத்தலே மலிவான வழி. மீன் உண்ணாதவர் பாசியெண்ணெயை மருந்தகத்தில் வாங்கலாம். நல்ல வயலை உப்புத் தடாகமாக்குமுன், மேற்காட்டிய கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தல் ஒவ்வொரு கமக்காரருக்கும் நலம் பயக்கும்.