பானைத் தண்ணீர் தெளியட்டும்

அணைக்கட்டு,
ஆடி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதமும் அதோடு அனுப்பிய நூல் துண்டுகளும் வந்து சேர்ந்தன. ஆம்பூர் கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்த்துக்கொண்டே, சாக்ஸ் பின்னும் நூலுக்கு வண்ணம் போட்டுச் சொந்தப் பெயரில் விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய். "ஷூ தைக்கிற ஊரில் சாக்ஸ் நூலா" என்று தம்பி சிரித்தானாம். சிரிக்கட்டும். ஷூவுக்குள் போவது சாக்ஸ்தான் என்று அவனிடம் சொல்.

எனக்குத் தெரிந்தது தோல் சாயம். டேனரியில் ட்ரம் பக்கத்திலேயே என் வேலைக்காலம் போனது. அதை வைத்து உனக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சாயம் போட்டு முடித்த பானையில் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். போட்ட சாயம் முழுக்க நூலுக்குள் ஏறியிருந்தால், அந்த நூல் நாளைக்குத் துவைக்கும்போது சாயம் விடாது. காசு கொடுத்து வாங்கிய சாயம் சாக்கடைக்குப் போகாது. பக்கத்து வீட்டுக் கிணறும் கெடாது. சரக்கின் தரம், உன் கணக்கு, ஊர்த் தண்ணீர் மூன்றையும் அந்தப் பானையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நூலிலிருந்து தொடங்குகிறேன். வேலூர் வெயிலில் பருத்திதானே நல்லது என்று எழுதியிருக்கிறாய். காலில் போட நல்லதுதான். வீட்டில் சாயம் போட நல்லதில்லை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் வேண்டும். அது நூலில் ஏற, அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு கொட்ட வேண்டும், மேலே சோடா. அப்படியும் சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நூலில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும். உப்பைத் துணி குடிப்பதில்லை, முழுக்க வெளியே வரும். திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நேர்ந்தது அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத அமைப்பு இருந்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. பெரிய பட்டறைகளே திணறிய இடத்தில், கொல்லைப்புறத்தில் அடுப்பு வைக்கிறவள் என்ன செய்ய முடியும்?

கம்பளி வேறு. தோலும் கம்பளியும் புரதம். நாங்கள் ட்ரம்மில் போட்ட அதே வகை ஆசிட் சாயம்தான் கம்பளிக்கும். சாக்ஸ் நூலில் கலக்கிற நைலானும் அந்தச் சாயத்தையே எடுத்துக்கொள்ளும். உப்பு கொட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் புளிப்பும் சூடும் போதும். அளவாகப் போட்டால் பானை தெளிந்துவிடும். பருத்தியில் அந்தத் தெளிவை நீ பார்க்கவே முடியாது.

வாங்கும்போது முக்கால் பங்கு மெரினோ கம்பளி, கால் பங்கு நைலான் கலந்த, சாயம் ஏறாத கோரா நூலாகப் பார். கம்பளி மட்டும் இருந்தால் குதிகாலும் பெருவிரலும் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். நைலான் அதைத் தாங்கும். முறுக்கு அழுத்தமாக, மூன்று இழையோ நான்கு இழையோ இருக்கட்டும். 100 கிராம் சிட்டத்தில் 400 மீட்டர் வர வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி பின்ன அது போதும். இதில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்வெட்டருக்கு ஏழெட்டுச் சிட்டம் ஒரே லாட்டில் நிறம் மாறாமல் வேண்டும். சாக்ஸ் ஒரு சிட்டத்தோடு முடிந்துபோகும். புதிதாகத் தொடங்குகிறவளுக்கு இதைவிடத் தோதான சரக்கு இல்லை.

நல்ல மெரினோ பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வருகிறது. நம் மாநிலத்திலும் கம்பளி உண்டு. நீலகிரி ஆட்டுக்கு மென்மையான ரோமம். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. அதை நம்பித் தொழிலில் இறங்காதே. ஆனால் ஒரு தடவை போய் ரோமத்தைக் கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வா. எதற்குச் சாயம் போடுகிறோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

இனி வேலை. சாயத்தூளைச் சிட்டிகைக் கணக்கில் போடாதே. ஒரு கிராம் தூளை 100 மில்லி வெந்நீரில் கரைத்துப் பாட்டிலில் வை. 100 கிராம் நூலுக்கு அந்தக் கரைசல் 100 மில்லி ஊற்றினால் ஒரு சதவீதம். நல்ல நிறைந்த நிறம் வரும். இளநிறத்துக்குப் பத்து மில்லியே அதிகம். நூலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடு. உலர்ந்த நூலில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். புளிப்புக்கு எலுமிச்சை உப்பு போதும். பிஹெச் தாள் 4-க்கும் 5-க்கும் நடுவில் காட்டட்டும். நாங்கள் சாயம் பிடிக்க பார்மிக் ஆசிட் விடுவோம். அது உன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தோலைச் சுடும், நெடி நெஞ்சைப் பிடிக்கும்.

தோலுக்கு 50, 60 டிகிரி வெந்நீர் போதும். கம்பளிக்கு 85, 90 வரை போக வேண்டும். ஆனால் சூட்டை மெல்ல ஏற்று. நைலான் குறைந்த சூட்டிலேயே சாயத்தை இழுக்கும். துவைத்தால் சுருங்காதபடி பக்குவம் செய்த கம்பளியும் அவசரக்காரன். அடுப்பை ஒரேயடியாக எரியவிட்டால் மேலே இருக்கிற இழை எல்லாச் சாயத்தையும் குடித்துவிட்டு, உள்ளே இருக்கிற இழையைப் பட்டினி போடும். 90-ஐ எட்டியபின் அரை மணி, முக்கால் மணி அப்படியே வை. பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பானைத் தண்ணீரை மொண்டு பார். நிறம் நின்றால் இன்னும் கொஞ்சம் எலுமிச்சை உப்பு, இன்னும் கொஞ்ச நேரம். அப்போதும் தெளியவில்லையா? சாயம் அதிகம். அடுத்த முறை குறைத்துவிடு. நூல் அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். சூட்டோடு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசாதே.

கையால் போட்ட சாயமென்றால் கொஞ்சம் விடத்தான் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். 1950-களின் கடைசியில் சாயம் விடுகிற மெட்ராஸ் துணி அமெரிக்காவுக்குப் போய், புகார் வந்ததும், சாயம் விடுவதே அதன் அழகு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டைக்கு அது செல்லுபடியானது. வேர்வையும் சூடும் சேர்கிற காலில், புது ஷூவின் உள்தோலில் நீலம் ஒட்டினால் யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு நூலை வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கட்டிச் சோப்புத் தண்ணீரில் துவைத்துப் பார். வெளிநாட்டுக்கு அனுப்பும் நாள் வந்தால் கோயம்புத்தூரில் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி மையத்தில் சோதனைக்குக் கொடுக்கலாம்.

கம்பெனியில் தெரிந்தவர்கள் மூலம் டேனரிச் சாயம் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். தோலுக்கான கறுப்பிலும் பழுப்பிலும் குரோமியம், கோபால்ட் கலந்த வகைகள் உண்டு. காலைத் தொட்டுக்கொண்டே இருக்கிற நூலுக்கு அது எதற்கு? தடை செய்த ஆசோ சாயம் இல்லை என்று எழுத்தில் தருகிறவரிடம் மட்டும் வாங்கு. ஜெர்மனி 1994-இல் அந்தச் சாயங்களைத் தடுத்தபோது நம் தோல் ஏற்றுமதி எப்படி அலைக்கழிந்தது என்று இங்கே பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். 1997-இல் இந்தியாவும் தடுத்தது. தூளை நிறுக்கும்போது முகக்கவசம், கையுறை இரண்டும் போடு. சாயப் பானையும் கரண்டியும் சமையலறைக்குள் திரும்ப வரவே கூடாது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர். பள்ளிகொண்டாவில் பாலாற்றின் நிலையை நீயே பார்க்கிறாய். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பில், இந்தத் தோல் பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானதாகப் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் ஆற்றின் வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பெருமைப்பட ஒன்றுமில்லை. தோல் இந்த ஊருக்குச் சோறு போட்டது, எனக்கும் போட்டது. தண்ணீரை எடுத்துக்கொண்டதும் அதே தோல்தான். நீ தொடங்குவது ஒரு பானை அளவுதான். ஆனால் டேனரிகளும் சின்னதாகத்தான் தொடங்கின. பழக்கம் முதல் பானையிலேயே வந்துவிட வேண்டும்.

வண்ணத்துக்கு வருகிறேன். நாற்பது நிறம் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். ஆறு போதும். அந்த ஆறையும் திரும்பத் திரும்பப் போட்டு ஒரே மாதிரி வரவைக்கத் தெரிந்தால்தான் அது உன் சரக்கு. ஒரு தடவை அழகாக வந்தது அதிர்ஷ்டம். ஒரு நோட்டுப் புத்தகம் போடு. எந்தச் சாயம் எத்தனை மில்லி, தண்ணீர் எவ்வளவு, மழைநீரா போர் தண்ணீரா, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று எழுதி, பக்கத்திலேயே நூல் துண்டை ஒட்டு. நம் போர் தண்ணீர் உப்பும் கடினமும். சில நிறங்கள் அதில் மங்கும். ஷேடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதே. அங்கே ஒத்துப்போகிற இரண்டு நிறம் வெயிலில் பிரிந்து நிற்கும். காலை வெளிச்சத்தில் நிழலில் வைத்துப் பார்.

மயில், மாம்பழம், குங்குமம் எல்லாரும் வைக்கிற பெயர்கள். உன் கண் முன்னாலேயே எவ்வளவு இருக்கிறது! நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இளம் ஊதாவையும் காம்பின் பச்சையையும் ஒரு சிட்டத்தில் வை. ஆனால் ஊதாவும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று வழிந்தால் சேற்று நிறம் வரும். நடுவில் நீலத்தையோ சாயம் படாத வெள்ளையையோ விடு. குரோம் ஏற்றிய ஈரத்தோலின் வெளிர் நீலம், ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலின் தேன் நிறம், குடியாத்தம் கைலிக் கட்டங்கள், ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலை மழைக்குப் பிறகு காட்டுகிற கரும்பச்சை. இவற்றை இந்த ஊர்க்காரி வைத்தால்தான் பொருந்தும்.

கோடு கோடாக விழும் நூல் வேண்டுமென்றால் சாதாரணச் சிட்டத்தில் சாயம் போட்டுப் பயனில்லை. சாக்ஸில் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்குள்தான் நூல் போகும். சிட்டத்தின் வளையமோ ஒன்றரை மீட்டர் அளவு. இரண்டு மூன்று சுற்றுக்குள் எல்லா நிறமும் ஓடி முடிந்து, திட்டாகத் தேங்கும். எட்டுச் சுற்றுக்கு ஒரு நிறம் வர, ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்தாறு மீட்டர் வேண்டும். குடியாத்தம் நெசவாளர் தெருவில் பாவு ஓட்டுவதைப் போய்ப் பார். அதேபோல் இரண்டு முளைக்கு நடுவே நீளமாக ஓட்டி, பகுதி பகுதியாகக் கட்டிச் சாயம் போட்டு, பிறகு சின்னச் சிட்டமாகச் சுற்று. ஜெர்மனியில் ஓப்பல், ரெகியா என்ற பெயர்களில் வருகிற நூலுக்கு இதை ஆலையிலேயே இயந்திரம் செய்துவிடுகிறது. விலையில் அவர்களோடு மோதாதே. கை வேலைக்கும் ஊர் நிறத்துக்கும் காசு கொடுக்கிறவரைத் தேடு. அவர் ஊட்டியிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ கடல் தாண்டியோ இருப்பார், அணைக்கட்டில் இருக்கமாட்டார்.

விலை போடும்போது கோரா நூல், சாயம், கேஸ், சீட்டு, தபால் மட்டும் எழுதிவிட்டு உன் கூலியை விட்டுவிடாதே. தையல் லைனில் ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறாயோ, அதற்குக் குறையாமல் போடு. சரியாக வராத சிட்டத்தின் நஷ்டமும் அதில் அடங்க வேண்டும். சீட்டில் கம்பளி எத்தனை, நைலான் எத்தனை, எடை, நீளம், துவைக்கும் முறை, லாட் எண் எல்லாம் இருக்கட்டும்.

பெரிதானால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். உருகுவாய் என்று ஒரு நாடு. அங்கேயும் ஆடு, மாடு, தோல்தான் பிழைப்பு. கிராமத்துப் பெண்கள் 1968-இல் கூட்டுறவாகச் சேர்ந்து தொடங்கிய மானோஸ் தெல் உருகுவாய், கையால் சாயமிட்ட கம்பளி நூலை இன்றும் உலகமெங்கும் விற்கிறது. கம்பெனி பஸ்ஸில் உன்னோடு வருகிற பெண்களில் கைப்பக்குவமும் கண்ணும் உள்ளவர்கள் இருப்பார்கள். ஆனால் ஆள் சேர்ப்பது பிறகு. உன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து இன்னொருத்தி அதே நிறத்தைப் போட முடிகிறதா என்று முதலில் பார். முடிந்தால் உன்னிடம் ஒரு தொழில் இருக்கிறது.

வேலையை இப்போதே விட்டுவிடாதே. ஆறு நிறத்தில் மூன்றை எடுத்துக்கொள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில் போடு. ஒன்பது சிட்டத்தையும், ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு பாட்டில் மிச்சத் தண்ணீரையும் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா. சிட்டத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன், தண்ணீரைக் கிண்ணத்தில் பார்க்கிறேன். இரண்டும் சரியாக இருந்தால் முதல் மூட்டை கோரா நூலுக்கு நான் பணம் தருகிறேன். கடனாகத்தான். எழுதி வைத்துக்கொள்.

தம்பியையும் உன் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பெரியப்பா