டயர் எண்ணெய்மேல் பழி போடாதீர்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் மழை நாளில் ஒரு டிரெய்லர் வழுக்கினால் போதும், பஞ்சர் கடையிலிருந்து லாரி ஷெட் வரை ஒரே பேச்சு: "இப்போ ஏதோ புது எண்ணெய் போட்டு டயர் பண்றாங்க, அதான் கிரிப்பே இல்ல." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரப்பர் கலவை என் தொழில். அந்தப் பேச்சு அபத்தம்.

கன்டெய்னர் லாரி டயரின் டிரெட், அதாவது சாலையில் படும் மேற்பகுதி, பெரும்பாலும் இயற்கை ரப்பர். அதில் சேரும் எண்ணெயே சொற்பம். எண்ணெய் அதிகம் போவது கார் டயருக்கு. அதற்கு நெடுங்காலம் பயன்பட்ட எஸ்பிஆர் 1712 செயற்கை ரப்பரில் 100 பங்குக்கு 37.5 பங்கு எண்ணெய். மாற்றாக வந்த 1723-இலும் அதே 37.5 பங்குதான். மாறியது எண்ணெயின் வகை. மசகு எண்ணெய் தயாரிக்கும்போது கரைப்பான் பிரித்தெடுக்கும் கருஞ்சாறுதான் பழைய டிஏஇ. அதில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் உண்டு. அவற்றை நீக்கச் சாற்றை மறுபடி சுத்திகரித்தால் டிடிஏஇ. அப்படியே மாற்றி ஊற்றினால் ரப்பரின் குணம் சற்று மாறும், உண்மை. அதைச் சரிக்கட்டத்தானே கலவைக்காரர்கள் இருக்கிறோம்!

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் டயர் எண்ணெய்க்கு வரம்பு போட்டது: பென்சோபைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், இத்தகைய எட்டுப் பொருட்கள் சேர்ந்து 10 மில்லிகிராம். 2012 நவம்பரில் ஈரச்சாலைப் பிடிப்புக்கும் தரக்குறி கட்டாயமானது. அங்கே 'ஏ' தரம் வாங்கும் டயர்களும் இந்த வரம்புக்குள் செய்தவைதான். இதற்கு என்ன பதில்?

எண்ணெய் கசிந்து வழுக்குகிறதாம். தேய்ந்த டிரெட்டைப் பிளேடால் சீவி வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். கரி ஒட்டும், பிசுக்கு ஒட்டாது. பிறகு பள்ளத்துக்குள் டயரின் டிடபிள்யூஐ (தேய்மான) குறிக்கு நேரே இருக்கும் சிறு மேட்டைப் பாருங்கள். டிரெட் அதன் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் அது மொட்டை டயர். வண்டியை வழுக்க வைப்பது அதுவும், குறைந்த காற்றும், சாலையில் சிந்திய டீசலும்தான்.

புது எண்ணெய் என்றால் தாவர எண்ணெய் என்பதும் தவறு. சோயா எண்ணெய் கலந்த டயர்கள் உண்டு. ஆனால் டிடிஏஇ பெட்ரோலியமே. டயர் கறுப்பாக இருப்பது கார்பன் பிளாக்கால், எண்ணெயால் அல்ல. நல்ல எண்ணெய் டயர்தானே என்று போகிக்குக் கொளுத்துவது அறிவீனம். எந்த டயரை எரித்தாலும் பென்சோபைரீன் போன்ற அதே நச்சுகள் புகையில் புதிதாக உருவாகும்.

திருவொற்றியூரில் 1946-இல் பலூன் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952-இல் டிரெட் ரப்பருக்கு வந்தது. டிரெட் ரப்பரில் இத்தனை பழக்கமுள்ள வட சென்னையில், ரீட்ரெட் செய்யக் கொடுப்பவர்கள் விலையை மட்டும் கேட்கிறார்கள். கலவையில் என்ன எண்ணெய் என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். ஏனென்றால், அந்த டிரெட் தேய்ந்து உதிரும் தூளை மழை அடித்துக்கொண்டு போவது நம் பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும்தான்.