கட்-ஆஃப் எங்கே? ஆர்ஓசி வளைவை வரைந்து முடிவெடுக்கும் முறை

ஒரு மருத்துவப் பரிசோதனை 'இத்தனை சதவீதம் துல்லியம்' என்று யாராவது ஒற்றை எண்ணில் சொன்னால், எந்தக் கட்-ஆஃபில், அதாவது எந்த அளவைத் தொட்டால் நோய் என்று கொண்டு, என்று கேளுங்கள். கட்-ஆஃப் நகர்ந்தால் அந்த எண்ணும் மாறும். எல்லாக் கட்-ஆஃப்களையும் ஒரே படத்தில் காட்டுவதுதான் ஆர்ஓசி வளைவு. வரையும் முன் தரவைச் சோதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தை அளக்கிறார்கள். அது கூடியவர்களுக்கு மட்டும் பயாப்சி செய்திருந்தால், பிஎஸ்ஏ குறைவாக உள்ளவர்களின் புராஸ்டேட் புற்றுநோய் கணக்கிலேயே வராது. சோதனை இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். அமெரிக்காவில் நடந்த புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில் பிஎஸ்ஏ எவ்வளவாக இருந்தாலும் பயாப்சிக்கு அழைத்தார்கள். அதனால்தான் 2005இல் வெளியான அதன் 5,587 பேரின் தரவு இன்றும் நல்ல பாடம்.

அடுத்து, ஒவ்வொரு கட்-ஆஃபுக்கும் இரண்டு விகிதங்களைக் கணக்கிடுங்கள்: நோயுள்ளவர்களில் எத்தனை பேர் பிடிபட்டார்கள், நோயில்லாதவர்களில் எத்தனை பேர் வீணாக மாட்டினார்கள். முதலாவதை நிமிர்ந்த அச்சிலும் இரண்டாவதைக் கிடை அச்சிலும் குறியுங்கள். மேற்சொன்ன ஆய்வில் கட்-ஆஃப் மில்லிலிட்டருக்கு 4.1 நானோகிராம் என்றால் பிடிபடுவது 20.5%, மாட்டுவது 6.2%. 3.1க்கு 32.2, 13.3; 2.1க்கு 52.6, 27.5; 1.1க்கு 83.4, 61.1. புள்ளிகளை இணைத்தால் வளைவு கிடைக்கும். அதன் கீழுள்ள பரப்பு 0.678. அதாவது நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்தால், நூற்றில் சுமார் 68 முறை நோயாளிக்கே பிஎஸ்ஏ அதிகமாக இருக்கும். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும் என்பதால் இது சுமாரான சோதனைதான்.

கட்-ஆஃபைத் தேர்ந்தெடுக்க யூடன் குறியீடு இருக்கிறதே என்பார்கள். பிடிபடும் விகிதத்திலிருந்து வீணாக மாட்டும் விகிதத்தைக் கழிப்பது அது. இந்த நான்கில் 2.1க்குத்தான் அதிகம், 25.1. ஆனால் அதை ஏற்றால் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். தவறவிட்ட புற்றுநோயும் தேவையற்ற பயாப்சியும் சம எடை என்று அந்தக் குறியீடு கருதுகிறது. நோயாளி அப்படிக் கருதுவதில்லை. எனவே எந்தத் தவறு எவ்வளவு கேடு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு வளைவில் புள்ளியைத் தேடுங்கள். எல்லாப் புற்றுநோயையும் பிடிப்பது எதற்கு, பல மெதுவாகத்தானே வளர்கின்றன என்ற மறுப்பு நியாயமானது. அதே ஆய்வில் புற்றுநோயின் தீவிரத்தைக் குறிக்கும் க்ளீசன் மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் உள்ளவற்றை மட்டும் 'நோய்' என்று எண்ணியபோது பரப்பு 0.827 ஆனது. சோதனை அதேதான், கேள்விதான் வேறு. ஆகவே எதை நோய் என்று எண்ணினீர்கள் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவையுங்கள்.