ஊர்ல கிணறு, தோட்டம், போர்டிகோ: காசு உங்களது, பத்திரம் யார் பேர்ல?

போனஸ் வர்ற மாசத்துல எனக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு உண்டு. "சார், ஊர் வீட்டுல போர் இறக்கணும், பின்னாடி தோட்டத்துக்குச் சொட்டு நீர் போடணும், முன்னாடி ஒரு போர்டிகோ எடுக்கணும். பர்சனல் லோன் வாங்கலாமா, ஃபண்டுல இருந்து எடுக்கலாமா?"

லோனா ஃபண்டா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி நான் கேட்கிற கேள்வி: வீடு யார் பேர்ல இருக்கு? "அப்பா பேர்ல... இல்ல சார், தாத்தா பேர்லன்னு நினைக்கிறேன்" என்று இழுத்தால், லோன் பேச்சை அங்கேயே நிறுத்திடுவேன்.

இன்னிக்கு உதாரணத்துக்குத் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூர் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். நீங்க சென்னையில ஐடி வேலை. ஊர்ல அப்பா, அம்மா. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிடுச்சு. வீட்டுக்குப் பின்னாடி பத்துத் தென்னை, ஒரு பழைய கிணறு. போர் 1.5 லட்சம், மோட்டாரும் சொட்டு நீரும் 50,000, போர்டிகோ 4 லட்சம். மொத்தம் 6 லட்சம். எல்லாம் நான் கணக்குக்காக எடுத்த எண்கள்தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

6 லட்சம் எப்படி 2 லட்சம் ஆகுது?

கிணறும் போர்டிகோவும் மண்ணோட ஒட்டின சொத்து. மண் யாருதோ அவங்களுக்குத்தான் அதுவும் சொந்தம். ஜிபே ஹிஸ்டரியில உங்க பேர் இருக்கிறதால வீட்டுல உங்களுக்குக் கூடுதலா ஒரு செங்கல் கூட வராது.

வீடு அப்பாவோட சுய சம்பாத்தியம், உயில் எழுதலை என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பிறகு, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சம பங்கு. அப்பாவோட அம்மா, அதாவது உங்க பாட்டி, உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. நீங்க போட்ட 6 லட்சத்துல உங்க பங்கு 2 லட்சம். பாட்டி இருந்தா ஒன்றரை. வீடு பூர்வீகச் சொத்தா இருந்தாலும் "பொம்பளப் பிள்ளைக்குக் கிடையாது" என்ற பேச்சு செல்லாது. தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துத் திருத்தம் கொண்டு வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. (உத்தமபாளையம், கம்பம் பக்கம் ராவுத்தர் குடும்பங்களுக்கும், ராயப்பன்பட்டி மாதிரி ஊர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பங்குக் கணக்கு வேற. அந்த விதிகளைத் தனியா விசாரிச்சுக்கோங்க.)

இது தங்கச்சிக்கு எதிரான பேச்சு இல்லை. அவங்க பங்கு அவங்களோட உரிமை. பிரச்சினை எங்க வருதுன்னா, "நான் வீட்டுல 6 லட்சம் முதலீடு பண்ணியிருக்கேன்" என்று நீங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருப்பீங்க. தங்கச்சி கணக்குல அது "அண்ணன் அப்பா அம்மாவுக்குச் செஞ்சது." பத்து வருஷம் கழிச்சு இந்த ரெண்டு கணக்கும் ஒரே கூடத்துல சந்திக்கும். தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இல்லாமப் போன குடும்பங்கள் உங்க தெருவுலயே இருக்கும்.

அதனால பணம் போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. அப்பா அம்மா நிழல்ல உட்காரணும், தண்ணி குடம் தூக்கக் கூடாது என்பதுக்காகச் செய்றீங்களா? தாராளமா செய்யுங்க. ஆனா அது செலவு. எக்ஸெல் ஷீட்ல "அசெட்" வரிசையில எழுதாதீங்க. இல்லை, நாளைக்கு அந்த வீட்டுல நாமதான் இருக்கப் போறோம் என்றால், காகிதத்தை முதல்ல சரி பண்ணணும்.

காகிதம்னா உடனே "உங்க பேருக்கு மாத்திக்கோங்க" என்று நான் சொல்லவே மாட்டேன். பெத்தவங்களுக்கு இருக்கிற ஒரே பிடி அந்த வீடுதான். அப்பா உயில் எழுதலாம். அதுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமும் இல்லை, ஆனா பதிவு செஞ்சா பின்னால தகராறு குறையும். தான செட்டில்மென்ட் என்றால், குடும்பத்துக்குள்ள முத்திரைத் தீர்வை சொத்து மதிப்புல 1%. 2023 ஜூலையில உயர்த்தின உச்சவரம்புப்படி தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். எழுதும்போது, பெத்தவங்களை வச்சுப் பார்த்துக்கணும் என்ற நிபந்தனையைப் பத்திரத்துலயே சேர்க்கச் சொல்லுங்க. அப்படிச் சேர்த்து, அது மீறப்பட்டா, 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எதுவா இருந்தாலும் தங்கச்சியை உட்கார வச்சுப் பேசிட்டுச் செய்யுங்க.

வரிச் சலுகை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 3 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம் என்றால் மாசத் தவணை சுமார் 10,250; மொத்த வட்டி சுமார் 69,000. வீட்டுக் கடன் வட்டிக்கான பிரிவு 24(பி) சலுகை வீட்டின் உரிமையாளருக்கு மட்டும். அப்பா வீட்டுக்கு நீங்க கட்டுற வட்டிக்குக் கிடையாது. உங்க பேர்லயே வீடு இருந்தாலும், சொந்த வீட்டுப் பழுது, புதுப்பித்தல் கடனுக்கு வருஷத்துக்கு 30,000 ரூபாய்தான் வரம்பு. அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். புது முறையில சொந்த வீட்டு வட்டிக்குக் கழிவே இல்லை. இந்த மாதிரி வேலைகளுக்கு 80சி-யும் வராது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறும். எல்லாருக்கும் பழகினது என்பதால நான் 1961 சட்டத்தின் எண்களைச் சொல்றேன்.)

பலரும் கவனிக்காத இடம் வேற ஒண்ணு இருக்கு. வீட்டை என்னிக்காவது விற்றால், அதுல செஞ்ச மேம்பாட்டுச் செலவை லாபத்துல இருந்து கழிக்கலாம். ஆனா அந்தச் செலவை விற்கிறவரோ, அவருக்கு முந்தைய உரிமையாளரோ செஞ்சிருக்கணும். அப்பா பேர்ல இருக்கிற வீட்டுக்கு நீங்க நேரா மேஸ்திரிக்குப் பணம் அனுப்பினா, செலவு செஞ்சவர் உரிமையாளர் இல்லை. நாளைக்கு "இந்தச் செலவை ஏன் கழிச்சீங்க?" என்று கேள்வி வர இடம் இருக்கு. 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரியில, 4 லட்சம் போர்டிகோவைக் கழிக்க முடியாமப் போனா 50,000 ரூபாய் வரி.

வழி ரொம்ப எளிது. பணத்தை உங்க கணக்குல இருந்து அப்பா கணக்குக்கு அனுப்புங்க. பிள்ளை அப்பாவுக்குக் கொடுக்கிற அன்பளிப்புக்கு எவ்வளவா இருந்தாலும் வரி இல்லை. அப்பா தன் கணக்குல இருந்து மேஸ்திரிக்கும் டைல்ஸ் கடைக்கும் கொடுக்கட்டும். பில் அப்பா பேர்ல. மேஸ்திரி துண்டுச்சீட்டுல எழுதித் தந்தா, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, ஃபோன்ல படம் எடுத்து வையுங்க. பின்னால வீடு உங்களுக்கு வந்து நீங்க வித்தாலும், அது முந்தைய உரிமையாளர் செஞ்ச செலவாக் கணக்குல நிற்கும். ஒரே பணம், போற பாதை மட்டும்தான் வேற.

கிணறு: லோன் போட்டுத் தோண்டாதீங்க

கம்பம் பள்ளத்தாக்குன்னாலே தண்ணிக்குக் கவலையில்லாத ஊர் என்று வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. 1895-ல் முடிஞ்ச பெரியாறு அணை, மலையைக் குடைஞ்சு வர்ற தண்ணி, பென்னிகுவிக் படம் மாட்டின டீக்கடை, பன்னீர் திராட்சை, இரு போக நெல். எல்லாம் உண்மை. ஆனா அந்தப் பாசனம் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு. வாய்க்காலுக்குப் பக்கத்துல இருக்கிற கிணறு வாய்க்கால் ஓடினா ஊறும், நின்னா இறங்கும். கொஞ்சம் தள்ளிப் போனா மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவு. கீழே பாறை. பாறையில தண்ணி எல்லா இடத்துலயும் இல்லை, வெடிப்புல மட்டும்தான் இருக்கு. பக்கத்து வீட்டுல 300 அடியில வந்தது உங்களுக்கு 700-லயும் வராம இருக்கலாம்.

இதைப் பணக் கணக்கா மாத்துவோம். போருக்கு 1.5 லட்சம், பத்துக்கு ஆறு போர்தான் தண்ணி தரும் என்று வைத்தால், தண்ணி வர்ற ஒரு போரோட உண்மையான விலை 2.5 லட்சம். ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். அதனால 800 அடி என்பது 400 அடி செலவுல ரெண்டு மடங்கு இல்லை, அதுக்கும் மேல. வண்டி வர்றதுக்கு முன்னாடியே "இத்தனை அடியில நிறுத்திடணும்" என்று அப்பாகிட்டப் பேசி முடிவு பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் புழுதி பறக்க, "இன்னும் ஒரு அம்பது அடி" என்று கேட்கும்போது யாராலயும் வேண்டாம்னு சொல்ல முடியாது. தேங்காய் வச்சுப் பார்க்கிறது உங்க விருப்பம். வேளாண் பொறியியல் துறையில மின்தடை ஆய்வும் செஞ்சு தர்றாங்க, அதையும் பாருங்க.

என் ஓட்டு பழைய கிணறுக்குத்தான். தூர் வாரி, தேவைன்னா பக்கவாட்டுல சைடு போர் போட்டுப் பார்த்த பிறகு புது போரைப் பத்தி யோசிக்கலாம். புதுசா போட்டா, 2015 விதிகளின்படி ஊராட்சியில முன் அனுமதி வாங்கணும். தண்ணி வரலைன்னா அன்னிக்கே மூடணும். 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில, மூடாத குழியில விழுந்து ஒரு குழந்தை இறந்தது நினைவிருக்கும்.

கிணறு தோட்டத்துல இருந்தா பத்திரத்தை வரி விடாமப் படிங்க. "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், மோட்டார், பைப் லைன், வண்டிப்பாதை பாத்தியமும்" என்று இருந்தா அது பங்குக் கிணறு. பெரியப்பா வீட்டுச் சம்மதம் இல்லாம ஆழப்படுத்தினா காசு உங்களது, தண்ணி எல்லாருக்கும்.

தண்ணி பாய்ச்சுறது

கோடையில ஒரு தென்னைக்குச் சொட்டு நீர்ல நாளைக்குச் சுமார் 65 லிட்டர். பத்து மரத்துக்கு 650. மணிக்கு 3,000 லிட்டர் தள்ளுற மோட்டாருக்கு இது கால் மணி நேர வேலை கூட இல்லை. ஓஸை விட்டுட்டு அப்பா டீ குடிக்கப் போனா ஒரு மணி நேரம் ஓடும். 1 எச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் என்றால் ரெண்டு மாசத்துக்குச் சுமார் 60 யூனிட். வீட்டு இணைப்புல ஏற்கெனவே ஏசி ஓடிட்டு இருந்தா இது உங்களை 500 யூனிட்டுக்கு மேல தள்ளிடலாம். அப்போ கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் ரேட் கூடும். தோட்டத்து இலவச மின்சாரத்துல இருந்து வீட்டுக்கு வயர் இழுக்கிற யோசனை மட்டும் வேண்டாம், அது விதிமீறல்.

வீட்டுக் கொல்லையைத் தாண்டி தோட்டமே இருந்தா, சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டுல சொட்டு நீருக்கு 100% மானியம், மற்றவங்களுக்கு 75%. தோட்டக்கலைத் துறையில கேட்கணும். அங்கேயும் முதல்ல கேட்கிறது சிட்டா, அடங்கல், தாசில்தார் தர்ற சிறு குறு விவசாயி சான்று. சிட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பேர்ல இருந்தா விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாத்துற செலவு, அந்த மானியத்துக்கு முன்னாடி சின்னது.

போர்டிகோ கடைசியில

கண்ணுக்குத் தெரியுறதால எல்லாரும் இதைத்தான் முதல்ல கட்டுறாங்க. போர் வண்டி, கல், மணல் எல்லாம் முன்பக்கமா வரணும் என்றால் புது டைல்ஸ் உடையும். கிணறு, பைப் லைன் முடிஞ்ச பிறகு கட்டுங்க. தூண் வைக்கிற இடம் உங்க பட்டா அளவுக்குள்ள இருக்கான்னு சர்வேயரை வச்சு அளந்து பாருங்க. தெரு பக்கம் ரெண்டடி நீட்டினா, ரோடு அகலப்படுத்துறப்ப இடிக்கிற செலவும் உங்களுக்குத்தான். கான்கிரீட்டா தகரச் செட்டா என்பதை லோன் இல்லாமக் கையில இருக்கிற பணம் தீர்மானிக்கட்டும். 4 லட்சம் தளம் தர்ற நிழலை ஒன்றே கால் லட்சம் செட்டும் தரும், ஆனா மதியத்துல சூடு இறங்கும். அப்பா அம்மா பகல்ல அங்கேதான் உட்காருவாங்கன்னா ஓட்டைப் பத்தியும் யோசிங்க.

200 சதுர அடி கூரை, வருஷத்துக்கு 700 மி.மீ. மழை என்று வைத்தால், அது மேல விழுறது சுமார் 13,000 லிட்டர். அந்தத் தண்ணி தெருவுல ஓடாம, வடிகட்டித் தொட்டி வழியா கிணத்துக்குப் போக ஒரு குழாய் போதும். தளம் போடறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்டச் சொல்லிடுங்க. போட்டதுக்கு அப்புறம் சொன்னா உடைக்கணும், அதுக்குத் தனிக் கூலி.